பச்சையா, சிவப்பா? எந்த குடமிளகாய் வாங்கலாம்?

கேள்வி: மேடம், எனக்கு ஹீமோகுளோபின் கம்மின்னு டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை குடுத்தாரு, கூடவே விட்டமின் சி இருக்கற காய் பழம் சேர்த்துக்க சொன்னாரு. குடமிளகாய் நல்லதுன்றாங்க, ஆனா சிவப்பும் மஞ்சளும் விலை ரொம்ப ஜாஸ்தி. பச்சையே போதுமா?
- ஒரு வாசகி, ஓசூர்

பதில்: தாராளமா போதும்மா. காயா பறிச்சா பச்சை, செடியிலயே பழுக்க விட்டா ரகத்தப் பொறுத்து சிவப்பு இல்ல மஞ்சள், உங்க ஊர்ப்பக்கம் பாலிஹவுஸ்லயே (பிளாஸ்டிக் ஷீட் போட்ட பந்தல்) பாத்திருப்பீங்க, பழுக்கற வரைக்கும் கூடுதலா சில வாரம் வச்சு பாத்துக்கணும், அதான் அந்த விலை. பச்சையில 100 கிராமுக்கு சுமார் 80 மில்லிகிராம் விட்டமின் சி இருக்கு, சிவப்புல 125க்கு மேல, மஞ்சள்ல 180 கிட்ட. ஆரஞ்சுப் பழத்துலயே 50 சொச்சம்தான்! பொம்பளைங்களுக்கு ஒரு நாளைக்கு 65 போதும்னு ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) சொல்லுது, அப்ப பச்சையே ஏன் பத்தாது? சிவப்புல விட்டமின் ஏ பல மடங்கு கூட, அதனால விலை இறங்கற அன்னிக்கு வாங்கி கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்குங்க, எண்ணெயோட சேர்ந்தாதான் அது உடம்புல நல்லா ஒட்டும்.

ஆனா ஒண்ணு, குடமிளகாய்ல இரும்புச்சத்து பெருசா கிடையாது. கீரை, பயறு, கம்புல இருக்கற இரும்ப உடம்பு இழுத்துக்க குடமிளகாய்ல உள்ள விட்டமின் சி உதவுது, அவ்வளவுதான், அதனால ரெண்டும் ஒரே வேளையில தட்டுல இருக்கணும். மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க. நிறைய வீட்டுல குடமிளகாய முதல்லயே போட்டு தண்ணி ஊத்தி மூடி வச்சு கொழகொழன்னு ஆகற வரைக்கும் வேக வைக்கறாங்க, விட்டமின் சி சூட்டுலயும் போகும் தண்ணியிலயும் கரைஞ்சு போகும், பாதி சத்து அங்கயே போச்சு. பயறு சுண்டல் தாளிச்சு இறக்கறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி பொடியா நறுக்கிப் போட்டு ஒரு பெரட்டு பெரட்டுங்க, கடிச்சா நறுக்குன்னு இருக்கணும். சாப்ட்ட கையோட டீ குடிக்காதீங்க, இரும்பு உடம்புல சேர்றத டீ தடுக்கும், ஒரு மணி நேரமாவது போகட்டும்.

கேள்வி: அல்சர் இருக்கறவங்க குடமிளகாய் சாப்பிடலாமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: மிளகாய்க்கு காரம் குடுக்கற கேப்சைசின் இதுல கிட்டத்தட்ட இல்லவே இல்ல, அதனால பச்சமிளகாய் மாதிரி எரியாது. சிலருக்கு வேக வைக்காம தின்னா தோல் செரிக்காம வயிறு உப்பும், அப்படி இருந்தா அடுப்புல சுட்டு தோல உரிச்சுட்டு சாப்பிடுங்க சார்.