இரண்டாவது குழந்தை பூமிக்குப் பாரமா?

கேள்வி: எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகள். இன்னொரு குழந்தை வேண்டுமென்பது என் ஆசை. "ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு மலைப்பாதையைப் பார்த்தாயா? உலகமே நிரம்பி வழியுது, இதில் நாம வேற கூட்டம் சேர்க்கணுமா?" என்கிறார் கணவர். மாமியாரோ ஆண் வாரிசு கேட்கிறார். நான் என்ன செய்ய?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் கவலையைத் தள்ளிவிட முடியாது. 2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டது. அடுத்த ஆண்டே நாம் சீனாவை முந்தினோம். ஆனால் தமிழ்நாட்டுக் கணக்கு வேறு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். மக்கள்தொகை குறையாமல் நிற்கவே 2.1 வேண்டும். நீங்கள் இரண்டோடு நிறுத்தினால் ஊர் பிதுங்கிவிடாது.

எத்தனை பேர் என்பதோடு எப்படி வாழ்கிறோம் என்பதும் சேர்ந்ததுதான் சுமை. ஓர் அமெரிக்கரின் கணக்கில் சேரும் கரியமில வாயு, நம்மவர் ஒருவருடையதைப் போல் சுமார் ஏழு மடங்கு. அவ்வளவு தூரம் ஏன்? திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறக்கும்போது ஆறு. சேலத்துக்குள் நுழைந்ததும் சாக்கடையும் சாயக்கழிவும் கலந்து கறுத்துப் போகிறது. இன்னும் பிறக்காத குழந்தையா அதில் சாயத்தைக் கொட்டியது? ஏற்காட்டுக் கதையும் அதுதான். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வரிசை கட்டி நிற்பவை கார்கள். ஒரே பஸ்ஸில் அடங்கும் கூட்டம், பத்துப் பதினைந்து காரில் ஏறுகிறது. (உங்கள் கணவரும் பஸ்ஸில் போயிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.)

எனக்கு உறுத்துவது மாமியார் பேச்சுதான். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதே நம் சேலத்தில். இரண்டாவதும் பெண்ணானால் வீட்டில் என்ன பேச்சு எழும், அப்போது கணவர் யார் பக்கம் நிற்பார் என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள். ஸ்கேனில் ஆணா பெண்ணா பார்க்கலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். 1994 சட்டப்படி அது குற்றம். சுமக்கப்போவது நீங்கள், மாமியாருக்கு இதில் ஓட்டு இல்லை.

அப்புறம் ஒன்று. சில வீடுகளில் 'பூமி பாரம்' என்ற பேச்சுக்குப் பின்னால் பள்ளிக்கூட ஃபீஸும் வீட்டுக் கடனும் ஒளிந்திருக்கும். மாதச் செலவு நோட்டை எடுத்துவைத்து, மாமியார் இல்லாத நேரமாகப் பார்த்து இருவரும் பேசுங்கள். பணம்தான் தடை என்றால் ஓரிரு வருடம் தள்ளிப்போடலாம். முதல் பிரசவம் சிசேரியன் என்றால், அதற்கும் முன்னால் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.