படம் உள்ளே இருக்கிறது, பக்கத்தில் தெரியவில்லை

வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: வணக்கம் மேடம். பயனர்கள் ஏற்றும் படங்களை அமேசான் எஸ்3 என்ற இணையச் சேமிப்பகத்தில், பக்கெட் எனப்படும் கோப்புத் தொகுப்பில் சேமித்து, அதற்கான ப்ரீசைன்டு யூஆர்எல்லை டேட்டாபேஸில் எழுதி வைக்கிறேன். ஏற்றியவுடன் படம் நன்றாகத் தெரிகிறது. மறுநாள் அதே பக்கத்தில் உடைந்த பட அடையாளம்தான். கோப்பு என்னவோ பக்கெட்டில் பத்திரமாக இருக்கிறது. பக்கெட்டைப் பொதுவில் திறந்துவிட்டால் தீர்ந்தது என்கிறார் உடன் வேலை செய்பவர். திறந்துவிடலாமா?

திறக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

வீட்டுப் பழுது வேலைக்கு ஆள் தேடித் தரும் செயலி ஒன்றில் நான் வேலை செய்தேன். ஒழுகும் குழாய், விரிசல் விட்ட சுவர், எரியாத விளக்கு என்று மக்கள் போனில் படமெடுத்து ஏற்றுவார்கள். அங்கேயும் இதே உடைந்த படம், இதே அவசரம். பக்கெட்டைத் திறந்துவிட்டோம். படங்கள் வந்தன, எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். சில மாதம் கழித்து வேறொரு வேலையாக அந்தப் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. உடைந்துபோன வாசற்கதவுப் பூட்டின் படம். போனில் எடுத்தது என்பதால் அந்த வீட்டின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கோப்புக்குள்ளேயே இருந்தன. கோப்புப் பெயர்கள் வெறும் வரிசை எண்கள். அடுத்த எண்ணைத் தட்டினால் அடுத்த வீடு. எந்த வீட்டில் பூட்டு இல்லை என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருந்தோம். அன்று இரவே மூடினோம். அந்தப் பூட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

சரி, உங்கள் படம் ஏன் மறைகிறது? ப்ரீசைன்டு யூஆர்எல் என்பது நேரம் குறித்துக் கொடுத்த அனுமதிச் சீட்டு மாதிரி. எந்தக் கோப்பு, எப்போது கையொப்பமிட்டது, எத்தனை வினாடி செல்லும் என்ற விவரங்களும், உங்கள் ரகசியச் சாவியால் கணக்கிட்ட கையொப்பமும் அந்த முகவரியிலேயே இருக்கும். எஸ்3 அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கும். கையொப்பம் பொருந்தி, நேரமும் மிச்சமிருந்தால் படத்தைத் தரும். இல்லையென்றால் 403, அதாவது அனுமதி மறுப்பு. இந்தச் சீட்டின் ஆயுள் அதிகபட்சம் 7 நாள், அதாவது 6,04,800 வினாடி. உங்கள் சர்வர், ரோல் என்ற அனுமதித் தொகுப்பு மூலம் கிடைத்த தற்காலிகச் சாவியால் கையொப்பமிட்டால் அதுகூட நிச்சயமில்லை. அந்தச் சாவி காலாவதியாகும் நேரத்தில் அதனால் உருவான எல்லா முகவரிகளும் செத்துவிடும். 7 நாள் என்று கேட்டும் சில மணி நேரத்தில் படம் போய்விடுகிறது என்று எழுதுபவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆகவே டேட்டாபேஸில் முகவரியை எழுதாதீர்கள். கீயை மட்டும் எழுதுங்கள், பக்கெட்டுக்குள் அந்தக் கோப்பு எந்தப் பெயரில் இருக்கிறதோ அதை மட்டும். பக்கத்தை ஒருவர் கேட்கும்போது, இந்தப் படத்தைப் பார்க்க இவருக்கு உரிமை உண்டா என்று முதலில் பாருங்கள். உண்டென்றால் அப்போதே கையொப்பமிட்டு, 10 அல்லது 15 நிமிடம் செல்லும் முகவரியைக் கொடுங்கள். ஒரு பக்கத்தில் 100 படம் இருந்தால் 100 முறை எஸ்3-க்குப் போய்வர வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். கையொப்பம் உங்கள் சர்வருக்குள்ளேயே நடக்கும் கணக்குதான், கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. உரிமை பார்க்கும் அந்தப் படியை மட்டும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். முகவரி யார் கையில் இருந்தாலும் நேரம் முடியும்வரை எஸ்3 திறந்துவிடும், அதற்கு ஆள் யாரென்று தெரியாது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒவ்வொரு முறையும் முகவரி மாறுவதால் பிரவுசர் அதைப் புதுப் படம் என்று நினைத்து மறுபடி மறுபடி இறக்கும். எனக்குப் பிடித்த வழி, கையொப்ப நேரத்தை மணிக்கணக்கில் முழுமையாக்குவது. 3 மணி 5 நிமிடத்துக்குக் கேட்டாலும் 3 மணி 50-க்குக் கேட்டாலும் 3 மணிக்குக் கையொப்பமிட்டதாகவே போட்டு, ஆயுளை 2 மணி நேரமாக வைத்தால், ஒரு மணி நேரம் முழுக்க ஒரே முகவரி வரும், கேஷும் (முன்பு இறக்கியதைச் சேமித்து வைத்து மறுபடி காட்டும் வசதி) வேலை செய்யும். படங்கள் மிக அதிகம் என்றால் கிளவுட்ஃபிரன்ட் மாதிரி ஒரு சிடிஎன்னை (கோப்புகளின் பிரதிகளைப் பல இடங்களில் வைத்துத் தரும் சேவை) முன்னால் வைத்து, கையொப்பமிட்ட குக்கியைப் பயன்படுத்தலாம். அப்போது பட முகவரி மாறாமலே இருக்கும்.

பழைய கேஷைத் தவிர்க்க முகவரியின் கடைசியில் பதிப்பு எண் ஒட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. இங்கே அது ஆகாது. கேள்விக்குறிக்குப் பின் வரும் எல்லாமே கையொப்பத்துக்குள் அடக்கம். ஓர் எழுத்து கூடினாலும் பொருந்தாது.

எல்லோரும் பார்க்கவே ஏற்றிய படங்கள், பொருள் விளம்பரப் படங்கள் போன்றவை, இருந்தால் அவற்றுக்குத் தனி பக்கெட் வைத்து சிடிஎன் வழியாகவே காட்டுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து எஸ்3-இல் புதிதாக உருவாக்கும் எந்த பக்கெட்டும் பொது அணுகல் மூடிய நிலையில்தான் கிடைக்கிறது. அந்தப் பூட்டு நல்லதுக்குத்தான், இருக்கட்டும்.

கேள்வி: படத்தின் முகவரியைத் தனி டேபில் திறந்தால், தெரிவதற்குப் பதில் டவுன்லோடு ஆகிறது. ஏன்?

ஏற்றும்போது கன்டென்ட்-டைப், அதாவது இது என்ன வகைக் கோப்பு என்பதை, நீங்கள் குறிப்பிடவில்லை. நிரல் வழியாக ஏற்றினால் கோப்பின் பெயரைப் பார்த்து எஸ்3 தானாக வகையை ஊகிக்காது, பொதுவான பைனரி என்று குறித்துக்கொள்ளும். பிரவுசரும் என்ன செய்வதென்று தெரியாமல் இறக்கிவிடும். ஏற்கெனவே உள்ள கோப்புகளை, சரியான வகையைக் குறிப்பிட்டு, தம்மேலேயே நகலெடுத்தால் சரியாகிவிடும். வகையைப் பயனரின் பிரவுசர் சொன்னபடி நம்பாமல், கோப்பின் முதல் சில பைட்டுகளைப் படித்து நீங்களே தீர்மானியுங்கள். எஸ்விஜி கோப்புகளை முடிந்தவரை ஏற்காதீர்கள். அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட் ஒளிந்திருக்கலாம். பட டேகுக்குள் அது ஓடாது, தனி டேபில் திறந்தால் ஓடும்.

கேள்வி: பயனர்கள் தமிழில் பெயரிட்ட படங்களை ஏற்றுகிறார்கள். சிலருடையது தெரிகிறது, சிலருடையதற்குக் கோப்பே இல்லை என்று வருகிறது. பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிட்டேன், வித்தியாசமே இல்லை.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் மகிழ்ந்தேன். ஆங்கில எழுத்தில் மட்டும் பெயரிடுபவர்கள் சந்திக்காத வலி இது.

வித்தியாசம் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. 'கொக்கு' என்ற பெயரில் முதல் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் 'கொ'வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு, கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடு என்பது ஒரு விதம். ககரம், கொம்பு, கால் என்று மூன்று தனித்தனிக் குறியீடுகள் என்பது இன்னொன்று. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஆக முதல் 'கொ' 6 பைட், இரண்டாவது 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். எஸ்3 பைட்டுகளைத்தான் ஒப்பிடும், அதற்கு இவை இரண்டு வேறு கோப்புகள். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே எழுதி வைக்கும், மற்ற கருவிகள் பெரும்பாலும் சேர்த்தே அனுப்பும். உங்கள் நிரலில் எங்கோ ஓரிடத்தில் ஒன்று மற்றொன்றாக மாறுகிறது.

எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி என்ற, குறியீடுகளைச் சேர்த்தே எழுதும் யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். ஆனாலும் பயனர் வைத்த பெயரைக் கீயாகவே வைக்காதீர்கள் என்பேன். இருவர் ஒரே பெயரில் ஏற்றினால் ஒருவர் படம் அழிந்துபோகும். கீ மொத்தம் 1,024 பைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால் நீளமான தமிழ்ப் பெயர்களுக்கு இடமும் குறைவு. கீயாக யூயூஐடி போன்ற, யாரும் ஊகிக்க முடியாத நீளமான ஓர் எண்ணை வையுங்கள். அந்த வரிசை எண் பூட்டுக் கதைக்கும் அதுவே மருந்து. பயனர் ஆசையாக வைத்த தமிழ்ப் பெயரை டேட்டாபேஸில் தனி நெடுவரிசையில் வைத்துக்கொண்டு, திரையில் அதையே காட்டுங்கள். அவர் எழுதியதை நாம் மாற்றக் கூடாது.

கேள்வி: போன் படங்களுக்குள் இருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கினேன். இப்போது பாதிப் படங்கள் பக்கவாட்டில் படுத்துக்கிடக்கின்றன.

போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தாலும் கேமரா பெரும்பாலும் படத்தைக் கிடையாகவே எழுதிவிட்டு, 'திருப்பிக் காட்டு' என்ற குறிப்பை, கோப்புக்குள் படத்தைப் பற்றிய விவரங்கள் இருக்கும் எக்ஸிஃப் பகுதியில் வைக்கும். இருப்பிடமும் அதே பகுதியில்தான் இருக்கிறது. நீங்கள் மொத்தமாகத் துடைத்தபோது அந்தக் குறிப்பும் போய்விட்டது. முதலில் படத்தை உண்மையாகவே திருப்பி எழுதுங்கள், அப்புறம் துடையுங்கள். பைத்தானின் பில்லோவில் இதற்கென்றே எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ் என்ற செயல் இருக்கிறது, நோடில் ஷார்ப் என்றால் அளவுரு இல்லாமல் ரொட்டேட் அழைத்தால் போதும்.

அந்தக் கையோடு சிறு அளவுப் பிரதிகளையும் செய்து வைத்துவிடுங்கள். 4,000-க்கு 3,000 பிக்சல் படம் கோப்பாக 3 எம்பிதான் இருக்கலாம். ஆனால் பிரவுசர் அதை விரிக்கும்போது பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி நினைவகம் பிடிக்கும். அதை ஒரு சின்ன வட்டத்தில் முகப்படமாகக் காட்ட, அதுவும் பட்டியலில் 50 பேருக்கு என்றால், பழைய போன் வைத்திருப்பவரின் திரை உறைந்தே போகும்.

கேள்வி: படம் பக்கத்தில் தெரிகிறது. அதையே கேன்வாஸில் (பக்கத்துக்குள் நிரலால் வரையும் பலகை) வரைந்து வெட்டிச் சேமிக்கப் போனால் பிரவுசர் தடுக்கிறது.

வேறு இடத்துப் படத்தைக் காட்ட பிரவுசருக்கு யார் அனுமதியும் வேண்டாம், அதன் பிக்சலைப் படிக்கத்தான் அனுமதி வேண்டும். பக்கெட்டில் கார்ஸ் விதியில், அதாவது எந்தத் தளங்கள் படிக்கலாம் என்ற பட்டியலில், உங்கள் தளத்தைச் சேருங்கள், பட டேகில் கிராஸ்ஆரிஜின் பண்பையும் வையுங்கள். இரண்டும் செய்த பிறகும் சில நேரம் தடுக்கும். அதே படம் வேறொரு பக்கத்தில் அந்தப் பண்பு இல்லாமல் ஏற்கெனவே இறங்கியிருந்தால், கார்ஸ் தலைப்பு இல்லாத அந்தப் பழைய பிரதியைப் பிரவுசர் கேஷிலிருந்து எடுத்துத் தந்திருக்கும். எல்லாப் பக்கங்களிலும் ஒரே மாதிரி பண்பை வைத்தால் நின்றுவிடும்.

கேள்வி: பயனர் அழித்துவிட்ட படம் பின்னரும் சிலருக்குத் தெரிகிறதாம்.

எஸ்3-இல் மட்டும் அழித்திருக்கிறீர்கள். 2020 டிசம்பரிலிருந்து எஸ்3-இல் அழித்தால் அடுத்த நொடியே கிடைக்காது, ஆகவே மிச்சம் இருப்பது வேறெங்கோ. சிறு அளவுப் பிரதிகளைப் பாருங்கள், அவை தனிக் கீகளில் இருக்கும். சிடிஎன்னைப் பாருங்கள். கிளவுட்ஃபிரன்ட் வேறெதுவும் சொல்லாவிட்டால் 24 மணி நேரம் வைத்திருக்கும், இன்வாலிடேஷன், அதாவது பழைய பிரதியைக் கைவிடச் சொல்லும் கட்டளை, கொடுத்தால்தான் விரைவில் விடும். பக்கெட்டில் வெர்ஷனிங் (பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் வசதி) போட்டிருந்தால் அழித்ததன் மேல் ஒரு குறி மட்டும் விழுந்திருக்கும், கோப்பு அடியில் அப்படியே இருக்கும். ஒரு படத்துக்கு எத்தனை பிரதிகள், எங்கெங்கே என்று ஏற்றும்போதே ஒரு வரிசையில் எழுதிவையுங்கள். அழிக்கும்போது அந்த வரிசை முழுவதும் காலியானதைப் பார்த்த பிறகே 'அழிக்கப்பட்டது' என்று அவருக்குச் சொல்லுங்கள்.