‘வெறும் நாடகம்’

அன்புள்ள ஐயா,
சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு உரிமை வந்தது தெருப் போராட்டத்தாலா, நீதிமன்றத்தாலா? மாதிரி வழக்காடும் மூட் கோர்ட், செமினார் எல்லாம் வெறும் நாடகமாகத் தோன்றுகிறது. என்ன வாசிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பி,

புத்தகப் பட்டியல் இருக்கட்டும், நூலகரைக் கேள். தெருவா நீதிமன்றமா என்றால் இரண்டும்தான். ஆனால் ‘வெறும் நாடகம்’ என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

கொஞ்ச நாளாகவே ஹோவர்ட் சட்டக் கல்லூரி மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹார்வர்ட் இல்லை, ஹோவர்ட். அடிமைமுறை ஒழிந்து நாலே வருடத்தில், 1869இல், கறுப்பின மாணவர்களும் சட்டம் படிக்க வாஷிங்டனில் தொடங்கியது. அங்கே மாலை வகுப்பாக நடந்ததை முழுநேரப் படிப்பாக்கியவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். டாக்டர் தன் தவறைப் புதைத்துவிடலாம், வக்கீலால் முடியாது என்பாராம். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘இரும்புச் செருப்பு’. அவரிடம் அடிபட்டு 1933இல் வகுப்பிலேயே முதலிடம் பெற்று வெளியே வந்தவர்தான், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல். சொந்த ஊரான பால்டிமோரில் இருந்த மேரிலாண்ட் சட்டக் கல்லூரியில் கறுப்பர்களுக்கு இடமில்லை என்பதால் தினமும் ரயிலேறி வாஷிங்டன் போய்ப் படித்தவர். இருவரும் சேர்ந்து அதே கல்லூரி மீது வழக்குப் போட்டு, ஒரு கறுப்பின மாணவனை அங்கே உட்கார வைத்தார்கள், 1936இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள்.

என் அப்பாவுக்கு ஒரு பாதை வழக்கு இருந்தது. வாதாட வந்த வக்கீல் வழக்குக் காகிதக் கட்டைப் பிரித்தே பார்க்கவில்லை. நீதிபதி எல்லைக்கல்லைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார், வக்கீல் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அந்த வக்கீல் கெட்டவர் இல்லை, தம்பி. வகுப்பில் யாரும் அவரை நிற்க வைத்து வறுத்தெடுத்ததில்லை, அவ்வளவுதான்.

பள்ளிகளில் நிறப் பிரிவினையை 1954இல் உடைத்த பிரவுன் வழக்குக்கு முன், மார்ஷல் குழு வாதத்தை ஒத்திகை பார்த்தது ஹோவர்டில்தான். பேராசிரியர்கள் நீதிபதிகளாக உட்கார்ந்து குடைந்தார்கள், உச்ச நீதிமன்றத்தில் வரக்கூடிய கேள்விகளையெல்லாம் அங்கேயே கேட்டுவிட வேண்டும் என்று. நீ நாடகம் என்கிறாயே, அந்த மூட் கோர்ட் இதுதான்.

செமினாரையும் விட மாட்டேன். ஹோவர்டில் பாலி முர்ரே என்ற மாணவி, வெள்ளையரையும் கறுப்பரையும் ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்று பிரித்துவைக்கலாம் என்ற 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பையே நேராகத் தாக்க வேண்டும் என்றபோது வகுப்பே சிரித்தது. அவர் சளைக்காமல் அதைக் கட்டுரையாக எழுதிக் கொடுத்துவிட்டு 1944இல் வகுப்பிலேயே முதலிடத்தில் தேறிப் போனார். பிரவுன் வழக்குக்குத் தயாராகும்போது அவருடைய பேராசிரியராக இருந்த ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்தார்.

சரி, உன் செமினார் கட்டுரை எதைப் பற்றி? கடிதத்தில் அதைச் சொல்லவே இல்லையே. அனுப்பி வை, படிக்கிறேன்.