மாவோ அசாடா ஒலிம்பிக் தங்கமே வாங்கவில்லையே, அப்புறம் ஏன் ஜப்பானில் அவரை இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

பதக்கக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்வி வரும்தான். பனித்தளத்தில் இசைக்கேற்பச் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் உலக சாம்பியன் பட்டம் மூன்று முறை (2008, 2010, 2014) வென்றவர். ஒலிம்பிக்கில் ஒரே ஒரு வெள்ளி.

நகோயாவில் 1990-இல் பிறந்தவர். 2005 டிசம்பரில், உலகின் முன்னணி ஸ்கேட்டர்கள் மோதும் கிராண்ட் பிரிக்ஸ் இறுதிப்போட்டியை வென்றும், வயது வரம்புக்கு 87 நாள் குறைந்ததால் 2006 ஒலிம்பிக்கில் ஆட முடியவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

அவருடைய அடையாளம் டிரிபிள் ஆக்ஸல் என்ற தாவல். மற்ற தாவல்களில் பின்பக்கமாகச் சறுக்கி எழும்புவார்கள். ஆக்ஸலில் மட்டும் முன்பக்கம் பார்த்து எழும்ப வேண்டும். அதனால் அரைச் சுற்று கூடி, காற்றில் மூன்றரைச் சுற்று ஆகிறது. அன்றைக்குப் பெண்களில் மிகச் சிலரே இதைத் தொட்டார்கள். 2010 வான்கூவரில் ஒரே போட்டியில் மூன்று முறை செய்தார். தங்கம் என்னவோ கொரியாவின் கிம் யூனாவுக்குத்தான்.

ஆனால் மக்கள் மனதில் நிற்பது 2014 சோச்சி. முதல் நாள் ஆடும் சிறிய ஆட்டமான குறும்பிரிவில் அதே ஆக்ஸலில் விழுந்து 16-ஆவது இடம். பதக்கம் போய்விட்டது. மறுநாள் நீண்ட ஆட்டத்துக்கு நீல உடையில் வந்தார், முதல் தாவலாக அதே ஆக்ஸல். இந்த முறை கால் நழுவவில்லை. 142.71 புள்ளிகள், அவருடைய அதுவரையிலான சிறந்த ஆட்டம். இசை நின்றதும் அண்ணாந்து பார்த்தபடி அழுதார். அப்புறம் கண்ணீரோடு சிரித்துக்கொண்டே அரங்கத்தை வணங்கினார். மொத்தத்தில் ஆறாவது இடம். முடிந்தால் அந்த ஆட்டத்தை ஒரு முறை பாருங்கள்.