‘ஐடி’ என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது

கேள்வி: என் எக்ஸ்எம்எல் கோப்பில் ஒவ்வொரு நூலும் ஓர் எலிமெண்ட் (குறிச்சொல்லால் அமைந்த உறுப்பு). அதன் ‘ஐடி’ என்ற அட்ரிபியூட்டில் (குறிச்சொல்லுக்குள் வரும் பெயர்-மதிப்பு ஜோடி) 101, 102 என்று எண் கொடுத்திருக்கிறேன். ஜாவாவில் ஐடியைக் கொடுத்து எலிமெண்ட்டைத் தேடினால் ‘நல்’தான் (எதுவும் கிடைக்கவில்லை) வருகிறது. எங்கே தப்பு?

பதில்: தேடியதில் தப்பில்லை. கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரலான பார்சரைப் பொறுத்தவரை அது ஐடியே இல்லை, அவ்வளவுதான். கடைசியில் சொல்லும் ஒரு விதிவிலக்கைத் தவிர, எக்ஸ்எம்எல்லில் பெயரை வைத்து எதுவும் ஐடி ஆகாது. அந்த அட்ரிபியூட்டின் வகை ஐடி என்று டிடிடியிலோ ஸ்கீமாவிலோ (கோப்பின் அமைப்பு விதிகளை எழுதும் இரண்டு முறைகள்) அறிவிக்க வேண்டும். அதுவரை அதுவும் விலை, நிறம் போல வெறும் எழுத்துச் சரம்தான். பிரவுசரில் பெயரைப் பார்த்தே வேலை நடந்துவிடுவதால், அங்கிருந்து வருபவர்கள் பலரும் இடறும் இடம் இது.

சரி, அறிவித்துவிட்டீர்கள். உடனே அடுத்த பிழை வரும்: 101 செல்லாது. ஐடியின் மதிப்பு எண்ணில் தொடங்கக் கூடாது, நடுவில் இடைவெளியும் கூடாது. முன்னால் ஓர் எழுத்தைச் சேருங்கள். தமிழ் எழுத்தே போதும்:

<நூல் குறி="நூ101" ஆக்கியோர்="எ7"/>
<எழுத்தாளர் குறி="எ7"/>

இங்கே ‘குறி’ இரண்டும் ஐடி வகை, ‘ஆக்கியோர்’ ஐடிரெஃப் வகை, அதாவது வேறோர் எலிமெண்ட்டின் ஐடியைச் சுட்டுவது. அட்ரிபியூட்டின் பெயர் ‘ஐடி’யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

முன்னெழுத்தால் இன்னொரு லாபமும் உண்டு. ஓர் ஐடி மதிப்பு ஆவணம் முழுவதிலும் ஒருமுறைதான் வரலாம். நூலுக்கு ஒன்று, எழுத்தாளருக்கு ஒன்று என்று தனித்தனிக் கணக்கு கிடையாது. நூ7, எ7 என்று முன்னெழுத்து வேறாக இருந்தால் இரண்டும் மோதாது. அப்புறம், ஒரே ஐடி இரண்டு முறை வந்தால் அது வேலிடிட்டி பிழை, அதாவது அறிவித்த விதியை மீறுவது. வேலிடேஷனை (விதிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதை) இயக்காமல் படித்தால் பார்சர் பேசாமல் விட்டுவிடலாம். ஆகவே கோப்பை வாங்கும் இடத்திலேயே வேலிடேஷனை இயக்கிவிடுங்கள்.

ஐடிரெஃபை நான் முழுதாக நம்புவதில்லை. அந்த ஐடி ஆவணத்தில் எங்காவது இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். ஆக்கியோர் இடத்தில் தவறுதலாக ‘நூ101’ என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். அதைத் தடுக்க ஸ்கீமாவில் கீ (தனித்த அடையாளம்), கீரெஃப் (அதைச் சுட்டுவது) இருக்கின்றன. எந்த எலிமெண்ட்டுகளுக்குள் தனித்தன்மை வேண்டும் என்று நீங்களே வரையறுக்கலாம். கீயில் 101 என்ற வெறும் எண்ணும் செல்லும்.

டிடிடியைத் தொடவே முடியாத கோப்பு என்றால், எக்ஸ்எம்எல்லுக்குள் தேடும் மொழியான எக்ஸ்பாத்தில் அட்ரிபியூட்டின் மதிப்பை நேரடியாக ஒப்பிட்டுத் தேடுங்கள். அதற்கு எந்த அறிவிப்பும் தேவையில்லை. 2005-இல் டபிள்யூ3சி (வலைத் தரங்களை வகுக்கும் அமைப்பு) பரிந்துரைத்த ‘எக்ஸ்எம்எல்:ஐடி’ என்ற அட்ரிபியூட்தான் விதிவிலக்கு; அது அறிவிப்பே இல்லாமல் ஐடியாக எடுத்துக்கொள்ளப்பட வேண்டியது. ஆனால் உங்கள் பார்சர் அதை ஆதரிக்கிறதா என்று சிறிய கோப்பில் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.