அயர்லாந்துக் கால்நடைச் சந்தையில் கையில் துப்பி அடிப்பதும், விற்றவரே பணத்தைத் திருப்பிக் கொடுப்பதும் எதற்கு?

கேள்வி இதுதான்: அயர்லாந்துச் சந்தை வீடியோக்களில் இருவர் உள்ளங்கையில் துப்பிக்கொண்டு மாறி மாறி அடித்துக்கொள்கிறார்கள், மூன்றாவது ஆள் ஒருவர் இருவர் கையையும் பிடித்து இழுக்கிறார், கடைசியில் பணம் வாங்கியவரே ஒரு நோட்டைத் திருப்பிக் கொடுக்கிறார். இதெல்லாம் என்ன, இன்னும் நடக்கிறதா?

நடக்கிறது. பார்க்கச் சடங்கு மாதிரி இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. பழைய தெருச் சந்தையில் எடைமேடை கிடையாது, ஏலம் கூறுபவர் கிடையாது, எழுத்தில் எதுவும் கிடையாது. விற்பவர் மலையடிவாரத்துச் சிறு விவசாயி, வாங்குபவர் வேறு மாவட்டத்து வியாபாரி. அடுத்த சந்தை வரை இருவரும் முகம் பார்க்கப் போவதில்லை. வாயால் சொன்ன ஒரு தொகையை யாரும் பின்வாங்க முடியாத தொகையாக ஆக்க வேண்டும் என்றால் அது ஊரறிய நடந்தாக வேண்டும். சத்தம், அடி, கூட்டம் எல்லாம் அதற்குத்தான்.

பேரத்தை வரிசையாகச் சொல்கிறேன். குதிரைக்கு 2,000 யூரோ என்கிறார் விற்பவர். வாங்குபவர் அதைக் காதில் வாங்காதது போலக் குதிரையின் காலைத் தடவுகிறார், வாயைப் பிடித்துப் பார்க்கிறார், பிறகு 1,400 என்கிறார். விற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாங்குபவர் நடையைக் கட்டுவார். இரண்டுமே நடிப்பு என்று இருவருக்கும் தெரியும். இங்கேதான் ‘டாங்லர்’ எனப்படும் தரகர் நுழைகிறார். போகிறவரின் சட்டைக் கையைப் பிடித்துத் திருப்பி இழுத்து வருவார். “உங்களுக்குள் எவ்வளவு வித்தியாசம்?” என்று கேட்பார். தொகை 1,800க்கும் 1,600க்கும் நடுவில் வந்து நின்றுவிட்டால், “நடுவில் பிளந்துகொள்ளுங்கள்” என்பார். விற்பவர் இசையாவிட்டால் கை மூடியே இருக்கும், அல்லது முதுகுக்குப் பின்னால் போய்விடும். தரகர் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையை மேலே திருப்பி, வாங்குபவரின் கையை அதன்மேல் அடிக்க வைப்பார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தொகை சொல்லப்படும். அடித்துவிட்டுக் கை விலகினால் அந்தத் தொகை படியவில்லை. அடித்த கை அப்படியே பற்றிக்கொண்டால் பேரம் படிந்தது. துப்புவது அதிர்ஷ்டத்துக்கும் வாக்குறுதிக்கும்.

தரகரின் பெரிய உபயோகம் மானம் காப்பது. “நானாக இறங்கவில்லை, இவர்தான் இழுத்துவிட்டார்” என்று இருதரப்பும் சொல்லிக்கொள்ளலாம். அவருக்குக் கிடைப்பது ஒரு சிறு தொகையும் பப்பில் ஒரு கோப்பையும். சில தரகர்கள் முன்கூட்டியே ஒரு வியாபாரியின் ஆளாக இருப்பார்கள், வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள். எந்தப் பக்கம் இழுக்கும்போது கை கொஞ்சம் பலமாக இழுக்கிறது என்று கவனித்தால் தெரிந்துவிடும். இன்னொரு எழுதாத விதி: இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது வியாபாரி குறுக்கே விலை சொல்லக்கூடாது. அவர்கள் பிரிந்த பிறகுதான் அவர் வாய் திறக்கலாம்.

இப்போது அந்தத் திருப்பிக் கொடுக்கும் பணம். அதற்கு ‘லக் பென்னி’ என்று பெயர். முதலில் பேசிய முழுத் தொகையும் எண்ணிக் கொடுக்கப்படும். அதன்பிறகு விற்றவர் தன் கையால் ஒரு பகுதியைத் திருப்பித் தருவார். இந்த வரிசை மாறக்கூடாது. முன்கூட்டியே கழித்துக்கொண்டு கொடுத்தால் அது வெறும் தள்ளுபடி, ‘லக்’ ஆகாது. மாட்டுக்கு இன்று 5, 10, 20 யூரோ சாதாரணம். குதிரைக்குக் கூடுதலாகப் போகும். அது செய்யும் வேலைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி இடைவெளியை அடைப்பது. விற்பவர் 1,700க்குக் கீழே வரமாட்டேன் என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டார். வாங்குபவருக்கு 1,680 தான் கட்டும். அந்த 20 யூரோ ‘லக்’ ஆகிவிட்டால் விற்பவர் வீட்டுக்குப் போய் 1,700க்கு விற்றேன் என்று தாராளமாகச் சொல்லலாம். அடுத்து, விற்றவர் மனக்கசப்போடு கொடுக்கவில்லை என்பதற்கு அது அடையாளம். மனக்கசப்போடு கைமாறிய மாடு விருத்தியாகாது என்பது பழைய நம்பிக்கை. மாட்டைப் பாராட்டிவிட்டு “கடவுள் காக்கட்டும்” என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் கண்பட்டுவிடும் என்று பயந்ததும், சந்தைக்குப் போகும் வழியில் செம்பட்டை முடிப் பெண் எதிரே வந்தால் திரும்பி வீட்டுக்கே போனதும் இதே வகை.

சண்டை வருவது பெரும்பாலும் ‘லக்’ எவ்வளவு என்று பேசாமல் விட்டதால்தான். விலை படிந்து, பணம் எண்ணும்போது வாங்குபவர் 50 எதிர்பார்ப்பார், விற்றவர் 10 நீட்டுவார். அதனால் விவரமான வியாபாரி கடைசி அடிக்கு முன்பே “லக் என்ன தருவீர்கள்?” என்று கேட்டுவிடுவார். சட்டப்படி இதற்கு உரிமை கிடையாது, வழக்கம் மட்டுமே. ஆனால் ஒன்றுமே தராதவர் என்று பெயர் எடுத்தால் அடுத்த சந்தையில் அவர் குதிரை அருகே தரகர்கூட நிற்கமாட்டார்.

பழைய தெருச் சந்தையில் விலை படிந்த மாட்டுக்கு உடனே அடையாளம் போடுவார்கள். தெருச் சேற்றை எடுத்துப் புட்டத்தில் பூசுவது ஒரு முறை, கத்தரிக்கோலால் இடுப்பு மயிரில் தன் குறியை வெட்டுவது இன்னொன்று. முப்பது நாற்பது மாடு வாங்கிய வியாபாரிக்கு இது அவசியமாக இருந்தது. ஒரே நிறத்தில் நூற்றுக்கணக்கான மாடுகள் நிற்கும் தெருவில் மாலைக்குள் எது யாருடையது என்று வேறெப்படிச் சொல்வது? அந்த நாளில் மாட்டுக்குப் பணம் பெரும்பாலும் அந்த இடத்திலேயே தரப்படாது. ஒரு சீட்டு கிடைக்கும், மாட்டை ரயில் நிலையத்தில் ஏற்றிவிட்ட பிறகு அல்லது பப்பில் பணம் வரும். சீட்டைத் தொலைத்தவர் பாடு திண்டாட்டம். ஊரை விட்டு வெளியேறும் வழியில் சந்தை உரிமைக்காரரின் ஆள் நின்று தலைக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்குவார். விற்காத மாட்டைத் திருப்பி ஓட்டிப் போகிறவர், விற்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டியிருக்கும்.

சந்தை தேதிகள் சும்மா வைக்கப்பட்டவை அல்ல. மேற்குக் கரையோரம் மண் மெலிந்த நிலம், அங்கே கன்று ஈன்று வளர்க்கலாம், கொழுக்க வைக்க முடியாது. அதனால் ஒன்றரை, இரண்டு வயதில் அவை கிழக்கே மீத், கில்டேர் பக்கத்துப் புல்வெளிக்கு விற்கப்பட்டன. அங்கிருந்து கப்பலில் இங்கிலாந்து. மேயில் புல் தலையெடுக்கும்போது வாங்க ஆள் வருவார்கள். நவம்பருக்குள் புல் தீர்ந்துவிடும், குளிர்காலத்தில் தீனி போட முடியாதவர் விற்றே ஆகவேண்டும். நிலக் குத்தகையும் பழைய நாளில் மே, நவம்பர் தவணைதான். ஆகவே நவம்பர் சந்தையில் யாருக்கு அவசரம் என்று வியாபாரிக்கு நன்றாகத் தெரியும். விடியுமுன் ஊருக்கு வெளியே சாலையிலேயே மறித்து விலை பேசியதும் அதனால்தான்: இருட்டில், சந்தை விலை தெரியாத நேரத்தில், இரவெல்லாம் நடந்து களைத்தவரிடம். அனுபவசாலி விவசாயி அங்கே வாய் திறக்கமாட்டார், சந்தையில் முதல் பத்து மாட்டின் விலையைக் கேட்ட பிறகுதான் தன் விலையைச் சொல்வார். வட மாகாணத்தில் மே 12, நவம்பர் 12ஐ ஒட்டி மனிதர்களையே ஆறு மாத வேலைக்குப் பேசி எடுக்கும் சந்தையும் நடந்தது. ஸ்ட்ரபேன், டெரி, லெட்டர்கென்னி ஆகிய ஊர்களில் சிறுவர்கள் துணி மூட்டையோடு நின்றார்கள்.

கெர்ரி மாவட்டத்துக் கில்லோர்க்ளின் ஊரின் ‘பக் ஃபேர்’ 1613இல் கிடைத்த அரச உரிமைப் பத்திரப்படி ஆகஸ்ட் தொடக்கத்தில் நடக்க வேண்டியது. இப்போது ஆகஸ்ட் 10, 11, 12. 1752இல் நாட்காட்டியைத் திருத்தி அதிலிருந்து 11 நாட்களை எடுத்ததும் மக்கள் புதுத் தேதிக்கு மாறாமல் பழைய பருவத்தையே பிடித்துக்கொண்டார்கள். புல்லுக்கு நாட்காட்டி தெரியாது அல்லவா. முதல் நாள் குதிரை, இரண்டாம் நாள் மாடு, மூன்றாம் நாள் கலைதல். மலையில் பிடித்த காட்டு ஆட்டுக்கிடா ஒன்றுக்குப் பள்ளிச் சிறுமி ஒருத்தி கிரீடம் சூட்டுவாள், அது உயரமான மேடையில் ராஜாவாக நிற்கும், பிறகு மலைக்கே திருப்பி விடப்படும். 2022 வெயிலில் எதிர்ப்புக் கிளம்பி ஆட்டைக் கீழே இறக்கினார்கள்.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியது என்ன? மாட்டுக்குப் பல்: இரண்டு நிலைப்பல் என்றால் சுமார் இரண்டு வயது, எல்லா நிலைப்பல்லும் முளைத்துப் பல் சேர்ந்தது என்றால் நாலு வயதுக்குக் கிட்ட. கறவைக்கு மடி. ஒருநாள் முழுக்கக் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் கொண்டுவருவது மிகப் பழைய தந்திரம். காம்பில் பால் தானாகச் சொட்டினாலோ, மாடு காலை அகட்டி நின்றாலோ சந்தேகப்பட வேண்டும். நாலு காம்பையும் தனித்தனியாகக் கறந்து பார்க்காமல் கை நீட்டாதீர்கள், ஒரு காம்பு அடைத்திருந்தால் கால்வாசிப் பால் போச்சு. உப்புத் தீனி கொடுத்துத் தண்ணீர் குடிக்கவைத்து ஒட்டிய விலாவை நிரப்புவதும் உண்டு.

குதிரைக்கு வேலை அதிகம். கீழ் முன்பற்களின் குழி நடுப்பல்லில் ஆறு வயதிலும், அடுத்ததில் ஏழிலும், ஓரப்பல்லில் எட்டிலும் தேய்ந்து மறையும். வயதைக் குறைத்துக் காட்ட அந்தக் குழியைத் துளைத்துச் சூடு வைப்பவர்கள் இருந்தார்கள். குழி மட்டும் புதுசாக இருந்து, பல் நீண்டு முன்னால் சாய்ந்திருந்தால் அது கிழட்டுக் குதிரை. மேல் ஓரப்பல்லில் பத்து வயதில் தொடங்கும் பள்ளக்கோட்டை யாரும் அழிக்க முடியாது. அது பாதிவரை வந்தால் பதினைந்து, அடிவரை வந்தால் இருபது. அடுத்தது நடை. புல்லில் ஓடவிட்டுப் பார்ப்பது வீண், தார்ச்சாலையில் தளர்ந்த கயிற்றோடு ஓடச் சொல்ல வேண்டும். முன்கால் நொண்டும் குதிரை வலிக்கும் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது தாழ்த்தும். விற்பவர் கயிற்றை மோவாய்க்கு அடியில் இறுக்கிப் பிடித்து ஓடினால் அந்தத் தலையாட்டத்தை மறைக்கிறார் என்று அர்த்தம். பிறகு பின்னால் நடக்கவிட்டு, சிறு வட்டத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். மூச்சுக்கு ஒரு பழைய சோதனை: குதிரையைச் சுவரோரம் நிறுத்தித் தடியால் விலாவில் குத்துவது போல ஓங்குவார்கள். திடுக்கிட்டு ‘ம்ஹ்’ என்று முனகினால் தொண்டைக் கோளாறு இருக்கலாம். இது உறுதியான சோதனை அல்ல, ஓடவிட்டு மூச்சிரைப்பைக் கேட்பதுதான் சரி. வாலடியில் இஞ்சி வைத்து வாலைத் தூக்கிக் காட்டும் மோசடியும் இருந்தது.

தெருச் சந்தைகளை அழித்தது ‘மார்ட்’ என்ற கூட்டுறவு ஏலக்கூடம். 1954இல் மாட்டுக் காசநோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது, 1950களிலேயே மார்ட்டுகள் பரவின, 1967இல் அவற்றுக்கு உரிமச் சட்டம் வந்தது. எடை தெரிந்தது, காசோலை வந்தது, தெருவில் நிற்கும் மாடுகளுக்குப் பயந்து கடை ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கும் தொல்லை போனது. சிறு விவசாயிக்கு அது நல்லதே என்பது என் கருத்து. ஆனால் மார்ட்டிலும் ஏலம் முடிந்து வாங்கியவர் விற்றவரைத் தேடிப்போய் ‘லக்’ கேட்பது நிற்கவில்லை.

குதிரைக்குத் தெருச் சந்தை தப்பியது, ஏனென்றால் குதிரையை எடை போட்டு விலை சொல்ல முடியாது. கிளேர் மாவட்டத்து ஸ்பான்சில்ஹில் ஜூன் 23, கார்க் மாவட்டத்துப் பட்டவன்ட் ஊரில் காஹர்மீ சந்தை ஜூலை 12, கால்வே மாவட்டத்துப் பாலினஸ்லோ அக்டோபர் தொடக்கத்தை ஒட்டி. நெப்போலியனின் குதிரை மாரெங்கோ தங்கள் சந்தையில்தான் வாங்கப்பட்டது என்று பாலினஸ்லோவும் காஹர்மீயும் இரண்டுமே சொல்லிக்கொள்கின்றன, அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. டப்ளினின் ஸ்மித்ஃபீல்டில் மாதாமாதம் நடந்தது 2013 விதிகளால் மார்ச், செப்டம்பர் என்று சுருங்கிவிட்டது. இந்தச் சந்தைகளை உயிரோடு வைத்திருப்பதில் பெரும் பங்கு ஐரிஷ் டிராவலர் சமூகத்துக்கு உண்டு. 2017இல் தனி இனக்குழுவாக அரசு ஏற்றுக்கொண்ட மக்கள் இவர்கள். காலில் அடர்ந்த மயிர் தொங்கும் கறுப்பு வெள்ளைக் குதிரைகள் பெரும்பாலும் அவர்களுடையவை.

இன்று வாங்குவதானால் பல் பார்க்கும் முன்னால் பாஸ்போர்ட்டை, அதாவது குதிரையின் அடையாள ஆவணத்தை, பாருங்கள். 2009 ஜூலைக்குப் பின் பிறந்த குதிரைக்கு மைக்ரோசிப் கட்டாயம். சிப் படிக்கும் கருவியில் வரும் எண்ணும் பாஸ்போர்ட் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். “பாஸ்போர்ட் தபாலில் வரும்” என்றால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள், அந்தக் குதிரையைச் சட்டப்படி இடம் மாற்றவோ மறுபடி விற்கவோ முடியாது.

வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குள் நல்ல வியாபாரம் முடிந்துவிடும். குதிரையை ஓட்டிக் காட்டும் பாதையில் கூட்டம் திடீரென்று பிளந்தால் யோசிக்காமல் ஓரத்துக்கு ஒதுங்குங்கள். விலை பேசும் இருவர் பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்கக்கூடாது. வாங்கும் எண்ணம் இல்லாமல், யாராவது உள்ளங்கையை நீட்டினால் விளையாட்டுக்குக்கூட அதில் அடிக்காதீர்கள்.