பில் கட்டைத் தொட முடியாத காலைகள்

கேள்வி: எனக்கு வயது 26. ஆட்டிசம் என்று உறுதியாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மன்னார்குடி அருகே ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ரயில் கால அட்டவணையோடு மணிக்கணக்கில் உட்காரும் எனக்கு, பில்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கவே முடிவதில்லை. நடுவில் யாராவது கூப்பிட்டால் அதோடு சரி. அம்மா சோம்பேறித்தனம் என்கிறார். ஊக்கத்தை எப்படி வரவழைப்பது?

பதில்: சோம்பேறி இப்படித் தவித்துக் கடிதம் எழுத மாட்டான். அம்மாவிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குக் கவனம் ஒரு நேரத்தில் ஒன்றிலேயே முழுமையாக இறங்குகிறது. டைனா மர்ரே, மைக் லெசர், வென் லாசன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2005இல் எழுதிய கட்டுரையில் இதையே ஆட்டிசத்தின் மையமாக வைத்தார்கள். முறைப்பாசனத்தில் ஒரு வாய்க்காலுக்கு விட்ட தண்ணீரை அடுத்ததற்குத் திருப்ப, மதகை அடைத்துத் திறக்க நேரம் பிடிக்கும் அல்லவா? உங்களுக்கும் அந்த நேரம் வேண்டும். பில் முன்னால் உறைந்துபோவதும், அட்டவணையை விட்டு எழ முடியாததும் ஒரே இயல்பால் வருபவை.

ஆகவே ஊக்கத்துக்காகக் காத்திருக்காதீர்கள். ‘பில்களை முடிக்க வேண்டும்’ என்பதில் கை எதைத் தொட வேண்டும் என்பது இல்லை. முந்தைய மாலையே முதல் அசைவை மட்டும் ஒரு சீட்டில் எழுதுங்கள்: ‘கம்பியிலிருந்து மேல் பில்லை எடு, அதன் எண்ணைத் தட்டு.’ சீட்டும் பில் கட்டும் விசைப்பலகையின் மேலேயே இருக்கட்டும். பக்கத்தில் ஒருவர் பேசாமல் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பலருக்குத் தொடக்கம் எளிதாகிறது.

யாராவது கூப்பிட்டால் உடனே எழாதீர்கள். அடுத்த பில்லின் எண்ணைக் குறித்துவிட்டு எழுங்கள்; திரும்பி வரும்போது வழி தெரியும். விவசாயிகள் கூட்டம் குறையும் பிற்பகலில் இரண்டு மணி நேரம் யாரும் குறுக்கிடாமல் தரும்படி முதலாளியிடம் கேளுங்கள். வாய்மொழியாகச் சொல்லும் வேலைகளைச் சீட்டில் தரச் சொல்லுங்கள். கணக்கு பிழையில்லாமல் வரும் என்பதால் அவருக்கும் இது லாபம்தான்.

ரயில் அட்டவணையை வேலைக்கிடையே பரிசாக வைத்துக்கொள்ளச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளே போனால் வெளியே வருவது இன்னொரு போராட்டம். மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருநாளும் விட்டுவிடாதீர்கள், உங்களுக்கு ஓய்வு அதுதான்.

சத்தத்தையும் கணக்கில் எடுங்கள். லாரியில் மூட்டை இறக்கும் நாளிலும், ஆடி மாத ஒலிபெருக்கி நாட்களிலும் காதடைப்பான் வைத்துக்கொண்டு, வழக்கத்தில் பாதி வேலையே இலக்கு என்று முன்பே முடிவுசெய்யுங்கள்.

அட்டவணையிலும் ஆர்வம் போய், தூக்கமும் சாப்பாடும் குலைந்தால் தாமதிக்க வேண்டாம். அது மனச்சோர்வாகவோ, நெடுநாள் சமாளித்ததன் களைப்பாகவோ இருக்கலாம். திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். கவனக்குறைவு மிகைச்செயல்பாடும் (ADHD) உடன் இருக்கிறதா என்று அப்போதே கேளுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் இது அடிக்கடி சேர்ந்தே காணப்படுகிறது, இந்தக் கவனக்குறைவுக்கு மருந்தும் உண்டு.